இதய நோய் வந்த குடும்பங்கள் ஆராய்ச்சிக்கு ஏன் கைகொடுக்கின்றன? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இதய நோயால் திடீரென்று போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பதினோரு பேர் ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தோம், எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்துக்கொண்டோம், தெரிந்தவரைக்கும் வம்சாவளியை எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. பதினைந்து வருஷமாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் என்னதான் நடந்தது?

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். 1994-ல் பெரியப்பா கிணற்றடியில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். அவருக்கு 42 வயது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர், மாரடைப்பு என்றார்கள் சிலர். பிரேதப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியும் என்று ஒரு டாக்டர் சொன்னார். "உசுரு போன உடம்பை அறுக்கணுமா?" என்று தாத்தா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அண்ணன் 2009-ல் பங்குனிப் பொங்கல் அன்று மயங்கி விழுந்தான். விரதம், வெயில் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஏதோ மாற்றம் தெரிகிறது, கேஸ் தொந்தரவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை நேரம், பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். படிக் கம்பியில் கை வைத்தவன் அப்படியே கீழே விழுந்தான். வயது 34. ரோட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸ் கேஸ் ஆனது. எங்கள் சம்மதம் கேட்காமலே பிரேதப் பரிசோதனை நடந்தது. ரிப்போர்ட்டில் இதயத்தின் எடை 540 கிராம் என்று இருந்தது. வளர்ந்த ஆணின் இதயம் சாதாரணமாக 300 கிராமுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

அந்த ரிப்போர்ட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு அப்பா மதுரையில் ஓர் இதய மருத்துவரிடம் போனார். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க குடும்பத்தில் வேற யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அது என்ன நோய்?

ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று டாக்டர்கள் சொல்வார்கள். இதயத்தின் தசைச் சுவர் காரணமில்லாமல் தடித்துப்போகும் நோய். ரத்தக் குழாயில் அடைப்பு வராது. சுவர் 12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பெரியவர்களுக்கு இந்த நோய் என்று சந்தேகிக்கிறார்கள், வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13-லேயே. ரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதி செய்துகொள்வார்கள். சுமாராக 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலர் ஒன்றும் தெரியாமலே எண்பது வயது வரை வாழ்ந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் இதயத் துடிப்பு தாறுமாறாகி, நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு அந்த ஜீன் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வைத்தியச் செலவுக்கே வழியில்லாத நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு?

இந்தக் கேள்வியை எங்கள் அத்தை கோபமாகவே கேட்டார். "போன புள்ள திரும்பி வருவானா?"

வரமாட்டான். ஆனால் வீட்டில் ஒரு சாவு நடந்தால் அழுகை ஓய்ந்த பிறகும் "ஏன்?" என்ற கேள்வி மட்டும் போகாது. காரியம் முடிந்து வீடு கழுவி விட்ட பிறகும் அது திண்ணையில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: அண்ணனின் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கும் இருக்குமா?

அப்புறம், நாங்கள் கடன்பட்டவர்கள். அப்பாவுக்கு 16 மில்லிமீட்டர், எனக்கு 17 என்று கண்டுபிடித்தது எக்கோ. அந்தக் கருவியின் கதையைப் பின்னால்தான் படித்தேன். 1953-ல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பின் உள்விரிசலைப் பார்க்கும் ஒலிக் கருவியை இரவல் வாங்கி, அதை மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருவிக்கு முன்னால் முதலில் படுத்தவர்களால்தான் என் அப்பா இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் ரத்தத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

குடும்பங்கள் சேர்ந்ததால் உண்மையிலேயே ஏதாவது கண்டுபிடித்தார்களா?

எங்கள் நோயையே எடுத்துக்கொள்வோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1958-ல் லண்டனில் டொனால்ட் டீர் என்ற பிரேதப் பரிசோதனை நிபுணர் எட்டு இளம் வயதினரின் இதயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் திடீரென்று இறந்தவர்கள். இதயத்தின் நடுச்சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருந்தது. ஏதோ கட்டி என்றுகூட முதலில் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. இந்த நோயை மருத்துவ உலகம் சரியாக அடையாளம் கண்டது அந்தப் பிரேதப் பரிசோதனை மேஜையில்தான். அதைப் படித்த அன்று தாத்தாவின் நினைவு வந்தது. அந்தக் குடும்பங்களுக்கும் அறுப்பதில் மனம் ஒப்பியிருக்காது.

அடுத்து, கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் கோட்டிகூக் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வயதுச் சாவுகள். மான்ட்ரியல் மருத்துவர் பாரேயும் அவருடன் இருந்தவர்களும் வம்சாவளியைத் தேடிப் பிடித்து, உயிரோடு இருந்தவர்களைப் பரிசோதித்து 1961-ல் வெளியிட்டார்கள். அப்போது ஜீனைப் படிக்கும் வசதி கிடையாது. ஆனால் அந்தக் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில் பாஸ்டனில் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் தம்பதியின் ஆய்வுக்கூடம் வந்து கேட்டபோது அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை ரத்தம் கொடுத்தது. 1989-ல், கோளாறு 14-வது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது. 1990-ல் ஜீனே கையில் கிடைத்தது. இதயத் தசையை இழுத்துச் சுருங்க வைக்கும் மையோசின் என்ற புரதத்துக்கான குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

ஒரே ஓர் எழுத்து. பெரியப்பாவின் கிணற்றடியை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த வழியிலேயே போனவர்கள், இந்த நோயில் தசை அளவுக்கு மீறி இறுகுகிறது என்று புரிந்துகொண்டார்கள். அந்த இறுக்கத்தைத் தளர்த்த மவகாம்டென் என்று ஒரு மருந்து வந்தது. 13 நாடுகளில் 251 நோயாளிகள் சேர்ந்த சோதனையின் முடிவு 2020-ல் வெளியானது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சுவர் தடித்து ரத்தம் வெளியேறும் வழியையே மறிக்கும் வகைக்கு அது. எல்லோருக்கும் பொருந்தாது, விலையும் சாமானியமில்லை. ஆனால் இந்த நோயின் வேரைப் பார்த்துச் செய்த முதல் மருந்து அதுதான். டீரின் மேஜையிலிருந்து அந்த மாத்திரை வரை 64 வருஷம்.

அதெல்லாம் வெளிநாட்டுக் குடும்பங்கள். நம் ரத்தத்தில் தனியாக என்ன இருக்கிறது?

இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததில் மதுரைக்கும் பங்கு உண்டு.

2003-ல் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இதயத் தசையின் இன்னொரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராஜமாணிக்கமும் இருந்தார். அங்கேயே ஆராய்ச்சி மாணவராக இருந்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தின் குமாரசாமி தங்கராஜும், இன்னும் பலரும் சேர்ந்து இதைத் தொடர்ந்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 800 நோயாளிகளின் ரத்தத்தையும் நோயில்லாத சுமார் 700 பேரின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். 2009-ல் வெளியிட்டார்கள்: தெற்காசிய மக்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு இந்த விடுபடல் இருக்கிறது, இருப்பவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு. உலகின் மற்ற பகுதிகளில் இது அனேகமாகக் கிடையாது.

வெளிநாட்டு ரத்தத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. நம் ஆட்கள் கை நீட்டினால்தான் நம் நோய் தெரியும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள், அந்த விடுபடல் மட்டும் தனியாக இருந்தால் ஆபத்து முதலில் நினைத்த அளவுக்கு இல்லை, அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் கூடவே இருப்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும் என்று காட்டின. அதனால், "நானும் அந்த நாலு சதவீதத்தில் இருப்பேனோ" என்று பயந்து யாரும் சோதனைக் கூடத்துக்கு ஓட வேண்டாம். முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்வதும் ஆராய்ச்சிதான். திருத்துவதற்கும் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பரம்பரை நோயெல்லாம் இல்லை. அப்பாவுக்குச் சாதாரண மாரடைப்புதான். எங்களுக்கு இதில் என்ன?

நெஞ்சு வலி என்று போனதும் மென்று விழுங்கச் சொல்லி ஓர் ஆஸ்பிரின் கொடுத்தார்களா? ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்களா? அந்த இரண்டுக்கும் பின்னால் 17,187 நோயாளிகள் இருக்கிறார்கள். ஐசிஸ்-2 என்ற சோதனையின் முடிவு 1988-ல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களில் ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். தனக்கு நிஜ மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று தெரியாமலே, நெஞ்சு வலியோடு சரி என்று சொன்னவர்கள் அவர்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றும் உண்டு. பெரிய மாரடைப்பு வந்தவரைச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பது? இதற்காகக் கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி முதலானவர்கள் நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளையும் இணைத்து 2012-லிருந்து 2014 வரை 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. ஒழுங்குபடுத்தியதால் மட்டும் கிடைத்த பலன்.

நம்மவர்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வருகிறது என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறோமே, அதுவும் சும்மா வந்த பேச்சில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுவாக 53 என்றும், மற்றவர்களுக்குச் சுமார் 59 என்றும் தெரிந்தது. அதனால்தான் நாற்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் இப்போது உடனே இ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

சேருகிறவருக்கு என்ன லாபம்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. இதை மறைக்கக் கூடாது.

எனக்கு மறக்காத ஒரு குடும்பம் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்தது. க்ளிடன் குடும்பம். அவர்கள் ஏற்கெனவே ஒரு மகளை இதய ஓட்டையால் இழந்தவர்கள். ஒரு வயது நிரம்பிய மகன் கிரெகரிக்கும் அதே ஓட்டை. அப்போது இதயத்தைத் திறந்து தைக்கும் நேரத்தில் ரத்த ஓட்டத்தைத் தாங்க நம்பகமான இயந்திரம் கிடையாது. டாக்டர் லில்லேஹாய் ஒரு யோசனை சொன்னார்: தகப்பனின் ரத்த ஓட்டத்தோடு பிள்ளையின் ரத்த ஓட்டத்தை இணைப்பது. தகப்பனின் இதயமும் நுரையீரலும் கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் வேலை செய்யும். 1954 மார்ச் 26-ம் தேதி இரண்டு மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் செய்தார்கள். ஓட்டை அடைபட்டது. ஆனால் பதினோராவது நாள் நிமோனியாவில் குழந்தை போய்விட்டான்.

அந்தத் தகப்பனுக்கு என்ன லாபம்? ஆனால் அடுத்த ஒன்றரை வருஷத்தில் அதே முறையில் செய்த 45 பேரில் 28 பேர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். இதயத்தைத் திறந்து சரிசெய்ய முடியும் என்று உலகம் நம்பியது. அப்புறம் இயந்திரம் வந்தது. அந்த 45-ல் ரத்தம் கொடுக்கப் படுத்த ஒரு தாய்க்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைக்குக் குழந்தையின் இதய ஓட்டையை அடைத்துக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொரு தாயும் அந்த மேஜைகளின் பக்கத்திலிருந்துதான் வருகிறார்.

ஆபத்து குறைந்த ஆராய்ச்சிகளும் நிறைய உண்டு. எங்கள் பங்கு வெறும் ரத்தமும் எக்கோவும்தான். அதில் ஒரு லாபம் கிடைத்தது: பதினோரு பேருக்கும் இலவசமாக எக்கோ எடுத்ததில் பெரியப்பா மகனுக்கு 26 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. அவன் அன்று வரை நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

நம்மை எலியாக வைத்துச் சோதிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நம் நாட்டில் ஏழைகளிடம் சரியாக விளக்கம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிய புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2013-ல் நீதிமன்றம் கடுமை காட்டிய பிறகு விதிகள் இறுகின. 2019-ன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் சோதனை நடத்த முடியாது. சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கொடுத்தாக வேண்டும். சோதனையை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம்.

ஆனால் சோதனையே செய்யாமல் மருந்து கொடுப்பது இதைவிட ஆபத்து. 1980-களில் மாரடைப்புக்குப் பிறகு இதயம் தப்பித் துடித்தால் அதை அடக்க மாத்திரை கொடுப்பது வழக்கம். துடிப்பு சீரானது, டாக்டர்களுக்கு நம்பிக்கை. காஸ்ட் என்ற சோதனையில் ஒரு பாதிக்கு அந்த மாத்திரை, ஒரு பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 1,500 பேரில், நிஜ மாத்திரை சாப்பிட்ட பாதியில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட பாதியில் 26 பேர். 1989-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்லது செய்கிறோம் என்று நம்பி எத்தனை ஆயிரம் பேருக்கு அந்த மாத்திரையை எழுதியிருப்பார்கள்? இந்தக் கணக்கைப் பார்த்த அன்றுதான் வெறும் மாத்திரை கொடுக்கும் சோதனையின் மேல் எனக்கிருந்த கோபம் போனது.

கையெழுத்து போடுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும்?

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்ன செய்வார்கள், எத்தனை தடவை வரச் சொல்வார்கள், பஸ் காசு உண்டா, வேலை கெட்டால் என்ன என்று கேளுங்கள். நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை வாயால் சொல்லச் சொல்லுங்கள். ரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா, நம் உடம்பில் ஏதாவது கண்டுபிடித்தால் நமக்குச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்க மறந்துவிட்டோம். பிறகு கடிதம் எழுதித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒருவர் பதில் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

பெற்றோர் சம்மதம் வேண்டும். ஏழு வயது ஆன பிள்ளையிடம் அதற்குப் புரியும் விதத்தில் சொல்லி அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். ஊசி வேண்டாம் என்று அழுதால் விட்டுவிட வேண்டியதுதான்.

வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா, பெண் எடுப்பார்களா?

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. சமையல் அறையில் வைத்துத்தான் கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் ரத்தம் கொடுக்க மறுத்ததற்கு இதுதான் காரணம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்தார்கள்.

ஆராய்ச்சியில் பெயருக்குப் பதிலாக எண்தான் இருக்கும். வெளியிடும் கட்டுரையில் ஊர், சாதி, பெயர் எதுவும் வராது. ஆனால் உண்மையில் விஷயம் வெளியே போவது ஆய்வுக்கூடத்திலிருந்து இல்லை, நம் வாயிலிருந்துதான். எனக்கு ஒரு வரன் இதனால் தட்டிப்போனது. அடுத்து வந்தவரிடம் நானே முதலில் சொல்லிவிட்டேன். எக்கோ ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை நேரத்துக்குப் போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

மறைத்துவைத்தால் நோய் மறையாது. பெரியப்பா விஷயத்தில் அப்படித்தான் ஒரு தலைமுறையைத் தொலைத்தோம்.

பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதிப்பது ஆராய்ச்சிக்கு உதவியா?

ஆமாம், ஆனால் அதற்கும் முன்னால் அது உங்கள் வீட்டுக்கே உதவி. நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் ஒருவர் திடீரென்று இறந்தால், தயவுசெய்து சம்மதியுங்கள். இதயத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜீன் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தத்தையோ திசுவையோ எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். உடம்பைத் தைத்து, துணி சுற்றி, முகம் தெரியத்தான் கொடுப்பார்கள். அண்ணனை அப்படித்தான் கொடுத்தார்கள். 1994-ல் பெரியப்பாவின் இதயத்தை யாராவது எடை போட்டிருந்தால், 2009-ல் மயங்கி விழுந்தவனைக் கேஸ் மாத்திரையோடு வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க மாட்டோம்.

ஆராய்ச்சி என்றாலே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத்தானே லாபம்?

எப்போதும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவரோடு இருந்தவர்களும் செயற்கை இதய வால்வு செய்யப் பல வருஷம் உழைத்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவதை 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். பிறகு சுமார் 300 நோயாளிகள் சேர்ந்த சோதனை. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வலியுமாக வந்து வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. இறக்குமதி வால்வு வாங்க முடியாத குடும்பங்களுக்கு டி.டி.கே. சித்ரா வால்வு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

பணமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ரசீது வாங்குங்கள், எந்த ஆராய்ச்சிக்கு என்று எழுதி வாங்குங்கள். ஆனால் வீட்டை அடமானம் வைத்து வைத்தியம் பார்த்த குடும்பத்திடம் யாரும் பணம் எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டு விவரமே போதும்: யார், எந்த வயதில், எப்படிப் போனார் என்று எழுதிய ஒரு தாள். கிழவிகளிடம் கேட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டு ஜீனைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

இல்லை. கணிசமான குடும்பங்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை, அதில் நாங்களும் ஒன்று. எங்கள் ரத்தம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கிறது. புதிதாக ஒரு ஜீனைச் சந்தேகித்தால் எங்களுடையதையும் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு தடவை பார்த்தார்கள், இரண்டு தடவையும் இல்லை என்று கடிதம் வந்தது.

இப்போது எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

அப்பா காலையில் கண்மாய்க் கரை வரை நடக்கிறார். நான் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். பெரியப்பா மகனுக்கு நெஞ்சில் தோலுக்கு அடியில், துடிப்பு தாறுமாறானால் மின்சாரம் கொடுத்துச் சரிசெய்யும் கருவி வைத்திருக்கிறார்கள். மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தன் மூத்த மருத்துவர் இப்படித் திடீரென்று இறந்ததைத் தாங்க முடியாமல் உருவாக்கிய கருவி அது. முதன்முதலாக 1980-ல் ஒரு மனிதருக்கு வைத்தார்கள். 2019-ல் ஒரு ராத்திரி எங்கள் வீட்டிலும் அது வேலை செய்தது. மாடு முட்டியதுபோல் இருந்தது என்றான். காலையில் எழுந்து டீ குடித்தான்.

அண்ணன் மகளுக்கு வருஷா வருஷம் எக்கோ. இந்த வருஷம் 9 மில்லிமீட்டர். ஜீன் தெரிந்திருந்தால் ஒரே சோதனையில் இருக்கிறது, இல்லை என்று சொல்லியிருப்பார்கள். தெரியாததால், ஒவ்வொரு வருஷமும் ஜெல் தடவிய கருவி நெஞ்சில் நகரும்போது அவள் திரையைப் பார்ப்பாள், மதினி அவள் முகத்தைப் பார்ப்பார்.

அடுத்த மாதம் அவளுக்கு 18 வயது. சின்ன வயதில் அவளுக்காக மதினி போட்ட சம்மதம் இனி செல்லாது, தொடர விருப்பமிருந்தால் அவளே கையெழுத்து போட வேண்டும் என்று மையத்திலிருந்து படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பதினாலு பக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாலு இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். "அத்தை, இதை நான் நேர்லதான் கேட்பேன்" என்றாள். திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம்.